மசாஜ் மெழுகுவர்த்தி வாங்கலாமா? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பரிசுப்பொருள் கடைகளிலும் இணையக் கடைகளிலும் மசாஜ் மெழுகுவர்த்தி என்ற பொருள் இப்போது அதிகமாகக் கண்ணில் படுகிறது. சிறிய தகர டப்பாவில் வரும். அல்லது ஊற்றுவதற்கு மூக்கு வைத்த பீங்கான் கிண்ணத்தில் வரும். திரியை ஏற்றி, மெழுகு உருகியதும் அணைத்து, அந்த உருகிய மெழுகையே உடம்பில் ஊற்றித் தேய்க்க வேண்டும். "மெழுகை உடம்பில் ஊற்றுவதா? சுட்டுவிடாதா?" என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் பாதி அதற்கான பதில்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கொருவர் கால் பிடித்துவிட, முதுகு நீவிவிட ஆள் இருந்தால், வாசனையில் விருப்பமும் இருந்தால், தோலுக்கென்றே செய்யப்பட்ட ஒரு சிறிய மெழுகுவர்த்தியை வாங்கிப் பார்க்கலாம். கொடுத்த காசுக்கு மோசமில்லை. வலி தீரும் என்று நம்பியோ, அழகான டப்பாவைப் பார்த்து மயங்கியோ வாங்குவதாக இருந்தால் வேண்டாம். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் அதே வேலையைச் செய்துவிடும்.

இது உண்மையில் என்ன?

பெயர்தான் மெழுகுவர்த்தி. உள்ளே இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பொருள்களே. சோயா எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்யும் சோயா மெழுகு, ஷியா பட்டர் (ஷியா கொட்டையின் கொழுப்பு), கோகோ பட்டர் (கோகோ விதையின் கொழுப்பு), தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் போன்றவற்றைக் கலந்து, கொஞ்சம் வாசனை சேர்த்து, நடுவில் பருத்தித் திரி வைத்து உறைய விட்டிருப்பார்கள். கட்டியான மசாஜ் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். திரியின் வேலை அதை உருக்குவது மட்டும்தான்.

சுடுமா சுடாதா என்பதை முடிவு செய்வது உருகுநிலை. மின்வெட்டின்போது ஏற்றும் சாதாரண மெழுகுவர்த்தி, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகால் ஆனது. அது ஏறத்தாழ 55 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். அதாவது அது திரவமாக இருக்கிறது என்றாலே, அந்தச் சூட்டிலோ அதற்கு மேலோ இருக்கிறது என்று பொருள். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாலும் பயனில்லை. தோல் தாங்கும் சூட்டுக்கு வருவதற்குள் உறைந்துவிடும். 60 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீராவது வழிந்து ஓடிவிடும், மெழுகு ஒட்டிக்கொள்ளும்.

மசாஜ் மெழுகுவர்த்தியில் கணக்கு தலைகீழ். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டி உருகுகிறது. கோகோ பட்டர் 34 முதல் 38 டிகிரிக்குள் உருகும். தனிச் சோயா மெழுகுக்கு 45 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், இந்த எண்ணெய்களோடு கலக்கும்போது கலவையின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. அதனால் குளிக்கும் வெந்நீரின் சூட்டுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, ஆறிய பிறகும் அது ஊற்றும் பதத்திலேயே இருக்கிறது. இந்தப் பொருளின் நுட்பம் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். உருகுநிலை குறைவு என்பதால், எரியும்போதும் மெழுகு இளஞ்சூட்டில்தான் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. சுடர் எரியும்வரை திரியைச் சுற்றியுள்ள மெழுகு உருகுநிலையைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். அணைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் பாதுகாப்பு.

"பிசியோதெரபி நிலையத்தில் பாரஃபின் மெழுகில் கையை முக்கச் சொல்கிறார்களே, அது மட்டும் எப்படி?" என்று சிலருக்குத் தோன்றலாம். அங்கே பாரஃபினோடு திரவ பாரஃபின் என்னும் கனிம எண்ணெயைக் கலந்து உருகுநிலையைக் குறைத்திருப்பார்கள். 50 டிகிரியைச் சற்றே தாண்டிய அளவில் சூட்டைக் கருவி நிலையாக வைத்திருக்கும். பக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருப்பார். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கடை மெழுகுவர்த்தியை உருக்கக் கூடாது.

யார் வாங்க வேண்டாம்

பட்டியலில் முதலில் வருவது சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பலருக்கும் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். அது அவர்களுக்கே தெரியாது. சூடான மெழுகு பட்டால் "ஆ" என்று காலை இழுத்துக்கொள்ள மாட்டார்கள். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறுவதும் கடினம். அம்மாவின் காலுக்கு இதமாக இருக்குமே என்று ஆசையாக வாங்குகிற பிள்ளைகள் முதலில் அம்மாவின் சர்க்கரை அளவையும் பாதத்தின் உணர்ச்சியையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சூடுபடுத்தாத எண்ணெயால் பிடித்துவிடுங்கள். பிடித்துவிடும் கைதான் முக்கியம், அவருக்கு வேண்டியதும் அதுதான்.

கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது கூடவே கூடாது. தோல் மெல்லியது, வாசனைப் பொருள்களும் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். எக்ஸிமா, தோல் அழற்சி, ஆறாத புண், புதிதாக மழித்த தோல் ஆகியவற்றின் மேல் ஊற்றக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அங்கே எந்த மசாஜும் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள். அது இரத்தக்குழாயில் உறைந்த கட்டியாக இருக்கக்கூடும். பாதாம், சோயா போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

தனியாக இருப்பவர்களுக்கு நான் பெரிதாகப் பரிந்துரைப்பதில்லை. தன் கைக்கும் காலுக்கும் தானே தேய்த்துக்கொள்ள இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தம்பதியருக்கான பரிசாகவும் இவை விற்கப்படுகின்றன. எண்ணெய்ப் பொருள்கள் லேட்டக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனப்படுத்திவிடும். கிழிய வாய்ப்பு அதிகம். ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது. அந்தரங்க உறுப்புகளில் இதைத் தடவவும் கூடாது. பல டப்பாக்களில் இந்த எச்சரிக்கை பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து முகர்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். அதற்கு முன் டப்பாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் தோலில் தடவ விற்கப்படும் பொருள் அழகுசாதனப் பொருள் என்ற வகையில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் அதற்குப் பொருந்தும். உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, கலந்திருக்கும் பொருள்களின் முழுப் பட்டியல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறும் அலங்கார மெழுகுவர்த்திக்கு இந்த அழகுசாதன விதிகள் பொருந்தாது. ஒரு டப்பாவில் "மசாஜ்" என்று பெரிதாகவும் "சோயா மெழுகு, வாசனை" என்று மட்டும் சிறிதாகவும் அச்சிட்டிருந்தால், சாதாரண வாசனை மெழுகுவர்த்திக்கு வேறு சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்கள் பலர் அக்கறையோடுதான் செய்கிறார்கள். அவர்களிடமும் இதையே கேளுங்கள். சரியாகச் செய்பவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

பட்டியலில் பொருள்கள் அளவின் வரிசையில் இருக்கும். அதிகமாக உள்ளது முதலில் வரும். சோயா மெழுகு, ஷியா பட்டர், ஏதாவதொரு தாவர எண்ணெய் ஆகியவை முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் இருந்தால் நல்லது. பாரஃபின் முதலில் இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். தேன்மெழுகு இயற்கையானதுதான், ஆனால் அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். பட்டியலின் கடைசியில் சிறிதளவு இருக்கலாம். முதலிடத்தில் இருந்தால் அது தோலுக்கான மெழுகுவர்த்தியே அல்ல. "இயற்கையானது" என்ற சொல்லை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிறம் சேர்த்தது வேண்டாம். மினுமினுப்புத் தூள், காய்ந்த ரோஜா இதழ், லாவெண்டர் பூ பதித்தவை புகைப்படத்தில் அழகாக இருக்கும். காய்ந்த பூ தீப்பற்றி இரண்டாவது திரியாக எரியத் தொடங்கும். மசாஜ் செய்யும்போது தோலைக் கீறும்.

பாத்திரத்தையும் கவனியுங்கள். ஊற்றுவதற்கு மூக்கு இருந்தால் மெழுகு ஒரே கோடாக விழும். மூக்கில்லாத கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஊற்றினால் பாதி மெழுகு வெளிப்பக்கமாக வழிந்து படுக்கையில் போய்ச் சேரும். தகர டப்பா சீக்கிரம் சூடேறும்; வெறும் கையால் பிடிக்க முடியாது. தடித்த பீங்கான் எனக்குப் பிடித்தது.

வாசனையில்தான் ஏமாற்றம் அதிகம்

அறைக்கு மணம் தரும் மெழுகுவர்த்தியில் வாசனைப் பொருள் 6 முதல் 10 சதவீதம் வரை இருப்பது வழக்கம். தோலில் தடவும் எண்ணெயில் அது 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எனவே நல்ல மசாஜ் மெழுகுவர்த்தி ஏற்றியவுடன் வீடெங்கும் மணக்காது. மெல்லிய மணம்தான் வரும். தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் தோலின் சூட்டில் வாசனை தெரியவரும். "மணமே இல்லை" என்று இணையத்தில் சிலர் குறைசொல்லி எழுதுவதைப் பார்த்து நல்ல பொருளை ஒதுக்கிவிடாதீர்கள். மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் டப்பாவைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

வாசனைப் பொருளை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து இஃப்ரா என்னும் பன்னாட்டு நறுமணப்பொருள் சங்கம் உச்ச அளவுகளை வகுத்திருக்கிறது. உடலில் தடவும் லோஷனுக்கு ஓர் அளவு, தோலில் படாத மெழுகுவர்த்திக்கு வேறோர் அளவு. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "நீங்கள் சேர்த்த வாசனை, தோலில் தடவும் பொருளுக்கான இஃப்ரா அளவுக்கு உட்பட்டதா?" ஒரே வாசனை எண்ணெய் ஊதுபத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் சரியாக இருந்து, தோலுக்கு ஆகாமல் போகலாம்.

இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் தோலை எரிக்கக்கூடியவை. பண்டிகைக்கால மெழுகுவர்த்திகளில் இவை அதிகம் வரும், மசாஜுக்கு வேண்டாம். பெர்கமாட், எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய் ஆகியவற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். நம் ஊர் வெயிலுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். இரவில் தேய்த்துக் குளித்துவிட்டால் கவலை குறைவு.

மல்லிகை மணம் வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. மல்லிகைப் பூவிலிருந்து சாறு எடுப்பது மிகச் செலவு பிடிக்கும் வேலை. நீராவியில் வடித்து எடுப்பது எளிதில் கூடிவராது என்பதால் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், ஒரு கிலோ சாற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ தேவைப்படுகிறது. சந்தன எண்ணெயின் விலையும் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் சில நூறு ரூபாய் மெழுகுவர்த்தியில் "தூய மல்லிகை", "தூய சந்தனம்" என்று எழுதியிருந்தால் அது ஆலையில் தயாரித்த வாசனைதான். அதில் குற்றமில்லை. தோலுக்கு ஏற்ற செயற்கை வாசனை, தோலை எரிக்கும் இயற்கை எண்ணெயைவிட எவ்வளவோ மேல். பொய்யாக எழுதுவதுதான் குற்றம். வாசனை விஷயத்தில் பொய் சொல்பவர் உருகுநிலை விஷயத்தில் மட்டும் உண்மை பேசுவார் என்று நான் நம்ப மாட்டேன்.

லினலூல், லிமொனீன், ஜெரானியோல் என்ற பெயர்களை லேபிளின் கடைசியில் பார்த்தால் பதற வேண்டாம். லாவெண்டர், ஆரஞ்சு, ரோஜா போன்றவற்றில் இயல்பாகவே இருப்பவை இவை. சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். முன்பு ஏதாவது சென்ட்டோ கிரீமோ பட்டுத் தோல் தடித்தவர்கள் மட்டும் கூடுதல் கவனம் கொள்ளுங்கள். வாசனையே சேர்க்காத மசாஜ் மெழுகுவர்த்தியும் கிடைக்கிறது, அவர்களுக்கு அதுவே நல்லது.

லாவெண்டர் மணத்தால் மனம் கொஞ்சம் தளரும், தூக்கம் எளிதாக வரும் என்று பலர் உணர்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். மூட்டுவலியைத் தீர்க்கும், நச்சை வெளியேற்றும், கொழுப்பைக் கரைக்கும் என்றெல்லாம் அட்டையில் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

விலையைக் கணக்குப் போடுங்கள்

ஒருமுறை முதுகுக்கோ இரு கால்களுக்கோ தேய்க்க 15 கிராம் அளவு தேவைப்படும். 150 கிராம் டப்பா என்றால் சுமார் 10 முறை வரும். எரிவதில் வீணாவது சொற்பம்தான். அந்த டப்பா 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறைக்கு 90 ரூபாய். லிட்டர் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் செக்கு நல்லெண்ணெயில் அதே அளவு 6 ரூபாய். இடையில் இருக்கும் 84 ரூபாயை வாசனைக்கும், மங்கிய வெளிச்சத்துக்கும், எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடுபடுத்தும் வேலை மிச்சமாவதற்கும் கொடுக்கிறீர்கள். மாதம் ஒருமுறை, வாரம் முழுக்க வேலைசெய்து களைத்த மனைவிக்கோ கணவருக்கோ செய்வதென்றால் அந்தப் பணம் தகும் என்பேன். தினமும் பாட்டிக்குக் கால் பிடித்துவிடுகிற வீட்டில் தகாது. முதன்முறை 50 அல்லது 60 கிராம் உள்ள சிறிய டப்பாவே போதும். பெரிய டப்பாவில் கிராமுக்கு விலை குறைவு என்று சொல்வார்கள். வாசனை பிடிக்காமல் போனால் மொத்தமும் நஷ்டம்.

முதன்முறை ஏற்றும்போது

முந்தைய நாளே ஒரு சோதனை செய்ய வேண்டும். ஏற்றாமலேயே மெழுகின் மேற்பரப்பில் விரலைத் தேய்த்து, கரைந்து வருவதை முன்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் மேலே செல்லலாம். யாருக்குத் தேய்க்கப் போகிறீர்களோ அவருடைய கையில்தான் இந்தச் சோதனை. உங்கள் கையில் செய்து பயனில்லை.

அடுத்த நாள், இடத்தைத் தயார்செய்யுங்கள். கொசுவலை, திரைச்சீலை, தொங்கும் துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. படுக்கையின் மேல் ஏற்றவே கூடாது. ஸ்டூலோ தட்டையான மேசையோ வேண்டும், அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. மின்விசிறி ஓடினால் சுடர் ஆடிக் கரி பிடிக்கும், மெழுகும் ஒரு பக்கமாகவே உருகும். மெழுகுவர்த்தி எரியும்வரை விசிறியை நிறுத்திவிட்டு, சுடரை அணைத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். பழைய வேட்டி ஒன்றை விரிப்பின் மேல் விரியுங்கள். எண்ணெய்க் கறை அதோடு போகட்டும்.

திரியைச் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். நீளத் திரி புகையும். கரித்துகள் மெழுகில் விழும், அதைத்தான் பிறகு தோலில் தேய்ப்பீர்கள். ஏற்றியபின் மெழுகு விளிம்புவரை உருகும் வரை காத்திருங்கள். சிறிய டப்பாவுக்கு 15 முதல் 30 நிமிடம் ஆகலாம். முதன்முறை நடுவில் மட்டும் உருகியதும் அணைத்துவிட்டால், அடுத்தடுத்த முறையும் நடுவிலேயே குழி பறித்துக்கொண்டு போகும். ஓரத்து மெழுகு வீணாகும்.

அணைப்பதற்கு ஊத வேண்டாம், சூடான மெழுகு தெறிக்கும். மூடியால் மூடுங்கள், இல்லையென்றால் சிறு குச்சியால் திரியை மெழுகுக்குள் அமிழ்த்தி நிமிர்த்திவிடுங்கள், புகையும் வராது. பிறகு ஐந்து நிமிடமாவது தொடாமல் விடுங்கள். சமையல் வெப்பமானி வீட்டில் இருந்தால் மெழுகில் வைத்துப் பாருங்கள்: 45 டிகிரிக்கு மேல் காட்டினால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

வெப்பமானி இல்லாதவர்கள் சிறு கரண்டியால் ஒரு துளி எடுத்துத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் விட்டுப் பாருங்கள். இந்த ஒரு துளி சூட்டை மட்டுமல்ல, பொருளின் தரத்தையும் காட்டிக்கொடுக்கும். நல்ல கலவை விழுந்த இடத்தில் பளபளவென்று நிற்கும். விரலால் இழுத்தால் தடையில்லாமல் விரிந்து, மெல்லிய எண்ணெய்ப் பசையாக மிஞ்சும். பாரஃபின் கலந்தது என்றால் விழுந்த நொடியிலேயே ஓரம் வெளுத்துத் தகடாக இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் செதிலாகக் கழன்று வரும். இரண்டாவது விதமாக நடந்தால் அந்த மெழுகுவர்த்தியை அறை வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஊற்ற வேண்டாம்.

தேய்ப்பது

எப்போதும் முதலில் உங்கள் உள்ளங்கையில் ஊற்றுங்கள். இரு கைகளையும் தேய்த்துவிட்டு அவர் உடம்பில் வையுங்கள். உயரத்திலிருந்து முதுகில் தாரையாக ஊற்றும் காட்சியை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்துபார்க்கும் ஆசை இருந்தால், சில முறை பழகிய பிறகு, அவரிடம் சொல்லிவிட்டு, முதுகின் தடித்த பகுதியில் மட்டும் செய்யுங்கள். முகம், கழுத்தின் முன்பக்கம், மார்பு, அக்குள், முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களில் நேராக ஊற்றக் கூடாது. தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் முகத்தில் பருவைக் கிளப்பக்கூடும் என்பதால் முகத்துக்கு இது வேண்டவே வேண்டாம். முடி அடர்ந்த மார்பிலும் காலிலும் மெழுகு சிக்கிக்கொள்ளும். அங்கே சாதாரண எண்ணெயே சுகம்.

நீவும்போது பாதத்திலிருந்து தொடைப்பக்கமாக, இடுப்பிலிருந்து தோள்பக்கமாக, இதயத்தை நோக்கி அழுத்தம் போகட்டும். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இரு பக்கத் தசைகளில் கட்டைவிரலை ஓட்டுங்கள். கெண்டைக்காலை உள்ளங்கை முழுவதும் படும்படி பிடியுங்கள். அவர் மூச்சு நிதானமாகிறதா என்று பாருங்கள். பல்லைக் கடித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். இருபது நிமிடம் தாராளம்.

தப்பித்தவறிச் சூடு பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு

முடிந்தவுடன் எழுந்து நடந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும். பாதத்தைத் துண்டால் துடைத்துவிட்டு எழச் சொல்லுங்கள், குறிப்பாக வயதானவர்களை. உடனே குளிக்க வேண்டியதில்லை; குளித்தால் பயத்தம்மாவு எண்ணெயை நன்றாக எடுத்துவிடும். எண்ணெய் பட்ட துணிகளை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவையுங்கள். சரியாகத் துவைக்காத எண்ணெய்த் துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெயிலில் காயவைப்பது நல்லது.

சென்னை, மதுரை, வேலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் இந்த மெழுகுவர்த்தி டப்பாவுக்குள்ளேயே இளகிவிடும், மேலே வியர்த்ததுபோல் எண்ணெய் மிதக்கும். கெட்டுப்போகவில்லை, நிழலில் வைத்தால் மறுபடி இறுகும். கோடையில் கூரியரில் வரவழைப்பதைத் தவிர்க்கலாம், உருகிக் கசிந்து திரி சாய்ந்து வந்துசேரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இந்தத் தொல்லை இல்லை. காறல் வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் கலந்ததை வாங்க வேண்டாம். அது பூனைகளுக்கு நஞ்சு, நக்கிவிட்டால் ஆபத்து.

வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். 50 கிராம் சோயா மெழுகு, 20 கிராம் ஷியா பட்டர், 30 கிராம் பாதாம் அல்லது தேங்காய் எண்ணெய். கோடையில் மெழுகை 60 கிராமாக்கி எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, சற்று ஆறியதும் தோலுக்கு ஏற்ற லாவெண்டர் எண்ணெய் ஒரு கிராம் கலந்து, பருத்தித் திரி நட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு நாள் அசைக்காமல் விட வேண்டும். நேரடித் தீயில் மெழுகை உருக்கக் கூடாது. மேலே சொன்ன துளிச் சோதனை இதற்கும் பொருந்தும். உங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்யுங்கள். விற்பதென்றால் உரிமம் வேண்டும்.

டப்பாவின் அடியில் அரை விரற்கடை மெழுகு மிஞ்சும்போது ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் எரித்தால் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கலாம். மிஞ்சியதைத் தூக்கி எறியத் தேவையில்லை. டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, திரியின் உலோக அடியை எடுத்துவிட்டு, கரி இல்லாத மெழுகைச் சிறிய மூடி போட்ட சிமிழில் ஊற்றி வைத்துக்கொண்டால், இரவில் பித்தவெடிப்புக்குத் தடவலாம். தடவியதும் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். காலியான பீங்கான் கிண்ணத்தைச் செய்தித்தாளால் துடைத்த பிறகே கழுவுங்கள். மெழுகோடு சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.